வன்னி வானமும் விமானம் ஓட்டும் கல்வியும்

வன்னி மக்களுடைய நாவில் ஆகாய விமானத்தைக் குறிக்கும் சொற்கள் ஒரு காலத்தில் மிகுந்திருந்தன. அவை புலவர் ஆக்கியவையோ அகராதிகளில் ஏறியவையோ அல்ல. செவியால் அறிந்து, உயிரைக் காத்துக்கொள்ளும் அவசரத்தில் வழங்கிய சொற்கள். தாழப் பறந்து குண்டு வீசியது ‘பொம்பர்’. பாரமான உடலோடு ஊர்ந்து வந்தது ‘சகடை’. ஓசை காதில் விழுமுன்னரே தலைக்கு மேல் வந்து நின்றது ‘கிபிர்’. இரவென்றும் பகலென்றும் பாராமல் ரீங்காரமிட்டுச் சுற்றிய வேவு விமானம் ‘வண்டு’. பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்காத குழந்தையும் ஓசையைக் கேட்ட மாத்திரத்தில் பெயரைச் சொல்லிவிட்டு, முற்றத்து மூலையில் வெட்டியிருந்த பங்கருக்குள் குதித்துக் குனிந்துகொள்ளும். விமான விஞ்ஞானத்தின் முதற் பாடத்தை இவ்வளவு பேர் இவ்வளவு சிறிய பிராயத்தில் இவ்வளவு துயரத்தோடு கற்ற பிரதேசம் உலகில் அதிகம் இராது.

அந்தப் பிரதேசத்தில் விமானம் ஓட்டக் கற்பதைப் பற்றியும், தனியார் விமானி அநுமதிப்பத்திரம் பெறுவதைப் பற்றியும் எழுதப் புகுவது பொருத்தமா என்ற ஐயம் வாசகருக்கு எழக்கூடும். பொருத்தமே என்பதும், அந்த வித்தையின் சரித்திரம், சட்டம், பயிலும் முறை, குறுக்கே நிற்கும் தடைகள் ஆகியவற்றை ஒருங்கே வைத்து ஆராய்ந்தால் வன்னிக்கு இது எட்டாக் கனியன்று என்பது புலப்படும் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

விமானம் என்ற எண்ணம் தமிழருக்குப் புதியதன்று. இலங்கை வேந்தனுடைய புஷ்பக விமானத்தை அறியாதார் இல்லை. ஆனால் கற்றுக்கொண்டு ஓட்டுவது என்ற கருத்தைத் தேடுவோர் சீவக சிந்தாமணியிடமே செல்லவேண்டும். அமைச்சன் கட்டியங்காரனுடைய துரோகத்தை முன்னுணர்ந்த சச்சந்தன் தச்சனைக் கொண்டு மயிற்பொறி ஒன்று செய்விக்கிறான். கருவுற்றிருந்த அரசி விசயை, அதன் திருகை வலம் திருப்பினால் எழும், இடம் திருப்பினால் இறங்கும் என்பதைப் பயின்றுகொள்கிறாள். ஆபத்து நேர்ந்த நாளில் தானே அதனைச் செலுத்தி உயிர் தப்புகிறாள். புஷ்பகம் நினைத்த மாத்திரத்தில் சென்றது. மயிற்பொறியோ கற்றவர் கைக்கு மட்டும் பணிந்தது. நம் காலத்து விமானக் கல்வி பின்னதன் வழியைச் சேர்ந்தது.

நவீன சரித்திரத்தில் இலங்கை விமானக் கல்விக்கும் தமிழகத்துக்கும் உள்ள உறவு மிகப் பழையது. கொழும்புக்குத் தெற்கே இரத்மலானையில் அமைந்த விமான நிலையத்தில் 1935 நவம்பர் 27 ஆம் திகதி முதன்முதலாக இறங்கிய விமானத்தை ஓட்டிவந்தவர் படைத்தலைவரும் அல்லர், வணிகரும் அல்லர். சென்னை விமானக் கழகத்தின் தலைமைப் பயிற்றுநராகிய டின்டேல் பிஸ்கோ. அவர் வந்தது ‘புஸ் மொத்’ என்னும் சிறு விமானத்தில். இந்நாட்டு விமான நிலையத்தின் முதல் விருந்தாளி ஓர் ஆசிரியர் என்பதை நல்ல நிமித்தமாகவே கொள்ளலாம். இந்தியாவில் வழங்கப்பட்ட முதலாவது விமானி அநுமதிப்பத்திரத்தை ஜே. ஆர். டி. டாட்டா 1929 பெப்ரவரியில் பெற்றிருந்தார். இந்தியா சுதந்திரம் அடைந்தபின், 1949 இல், சென்னையில் வாழ்ந்த உஷா சுந்தரம் பெங்களூரை அடுத்த ஜக்கூர் அரசினர் பயிற்சிப் பள்ளியில் தேறி விமானியானார். தாமும் விமானியான கணவர் சுந்தரத்தோடு 1951 இல் லண்டனிலிருந்து பம்பாய்க்குச் சிறு விமானமொன்றைச் செலுத்தி வந்தார். அதற்கு முன்னரே, 1947 டிசம்பர் 10 ஆம் திகதி, ‘எயர் சிலோன்’ நிறுவனத்தின் முதலாவது பிரயாணிகள் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை என அந்நாளில் வழங்கிய பலாலியில் இறங்கி, சென்னைக்குச் சென்றது. வன்னிக் காடுகளுக்கு மேலாகச் சென்ற அவ்விமானம் யாருக்கும் தீங்கு செய்யவில்லை.

ஆயினும் வன்னி நிலத்தில் ஓடுபாதைகள் பிறந்தது யுத்தத்தின் பொருட்டே. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கிய யுத்தகாலத்தில் பிரித்தானிய விமானப்படை இத்தீவிற் பல இடங்களில் தளங்களை அமைத்தது. வவுனியாவும் அவற்றுள் ஒன்று. பியூபோர்ட், பியூபைட்டர் என்ற விமானங்கள் அங்கிருந்து கடற்காவலுக்குப் பறந்தன. இன்று அத்தளம் இலங்கை விமானப்படையின் பொறுப்பில் இருக்கிறது. இரண்டாவது ஓடுபாதை இரணைமடுவில், விடுதலைப் புலிகள் அமைத்தது. 2009 ஜனவரியில் இராணுவம் அதனைக் கைப்பற்றியபின், விமானப்படை அங்கே தன் நிலையத்தை நிறுவியது. இரண்டு ஓடுபாதைகளும் மூன்று படைகளின் கைவழி வந்தவை. பயில விரும்பும் குடிமகனின் பொருட்டு இடப்பட்ட ஓடுபாதை வன்னியில் இல்லை.

இவ்விடத்தில் ஆராய்ச்சியாளர் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1985 முதல் வடக்கில் குண்டு வீசிய ‘மார்க்கெற்றி’ விமானம் இத்தாலியர் மாணவ விமானிகளைப் பயிற்றுவதற்காக ஆக்கிய இனத்தைச் சேர்ந்தது. 2007 மார்ச் 26 ஆம் திகதி கட்டுநாயக்கா தளத்தைத் தாக்கப் புலிகள் பயன்படுத்திய ‘ஸ்லின் 143’ என்பதும் செக் நாட்டில் பயிற்சிக்கும் உல்லாசப் பிரயாணத்துக்கும் செய்யப்படும் நான்கு இருக்கை விமானமே. மாணவன் அருகே ஆசிரியன் அமர்ந்து பொறுமையாகக் கற்பிப்பதற்கென்று உண்டான பொறிகள் இரு திறத்தாராலும் ஆயுதமாக்கப்பட்டன. பயிற்சி விமானம் வன்னிக்கு வந்தது உண்மை, பயிற்சி வரவில்லை. அந்தக் குறையை இனியேனும் நிரப்புவது எப்படி என்பதே நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

முதலில் சட்டம் கேட்பது யாது என்று பார்ப்போம். விமானிகளின் தகுதிகளைச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் வகுத்திருக்கிறது. இலங்கையில் அவற்றை நடைமுறைப்படுத்துவது சிவில் விமானச் சேவை அதிகாரசபை. தனியார் அநுமதிப்பத்திரம் பெறுவோருக்கு 17 வயது நிறைந்திருக்க வேண்டும். குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற பாடநெறியில் பயின்றவருக்கு 35 மணி போதும். அதில் 10 மணி நேரமாவது ஆசிரியர் அருகில் இன்றித் தனித்துப் பறந்ததாகவும், அந்தப் பத்தினுள் ஐந்து மணி நேரம் ஊர் விட்டு ஊர் செல்வதாகவும், அவற்றுள் ஒரு பயணமாவது 270 கிலோமீற்றருக்குக் குறையாமல், இரண்டு வேறு நிலையங்களில் இறங்கி நின்று மீள்வதாகவும் அமைய வேண்டும். விமானச் சட்டம், பறத்தலின் தத்துவம், எஞ்சினும் கருவிகளும், வானிலை, வழியறிதல், மனித உடலின் இயல்பு முதலியவற்றில் எழுத்துப் பரீட்சை உண்டு. இரண்டாம் வகுப்பு வைத்தியச் சான்றிதழும், றேடியோவிற் பேசப் போதுமான ஆங்கிலமும் வேண்டும். இவ்வளவும் தேறியவர் சிறு விமானத்தில் உறவினரையும் நண்பரையும் ஏற்றிச் செல்லலாம்; கூலி வாங்கி ஓட்ட மட்டும் ஆகாது. கூலி பெறுவதற்கு வேண்டிய வணிக அநுமதிப்பத்திரம் பாடநெறியில் 150 மணியும் மற்றபடி 200 மணியும் கேட்கும் அடுத்த படி.

பயிற்சி எவ்வாறு நடைபெறுகிறது? முதல் நாள் மாணவன் வானத்தைப் பார்ப்பதில்லை. விமானத்தைச் சுற்றி நடக்கிறான். ‘செஸ்னா 152’ போன்ற இரண்டு இருக்கை விமானத்தின் முழுப்பாரமும் முக்கால் தொன் அளவுதான். அதன் கதவு ஒரு பழைய காரின் கதவிலும் மெல்லியது. இறக்கையின் அடியிலுள்ள சிறு வாயிலைக் குழாயால் அழுத்திச் சிறிதளவு எரிபொருளை வடித்து, அதனை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிறான். அடியிலே தெளிந்த குமிழாகத் தண்ணீர் நின்றால், அது போகும்வரை மறுபடி மறுபடி வடிக்கவேண்டும். இரவிலே பெய்த பனியோ மழையோ தாங்கியினுள் ஒரு துளி சேர்த்திருந்தாலும் எஞ்சின் ஆகாயத்தில் நின்றுபோகலாம். ரயரைத் தொட்டும், இறக்கையின் அசையும் பகுதிகளைக் கையால் உயர்த்தித் தாழ்த்தியும், எண்ணெய் அளவைப் பார்த்தும், ஒவ்வொன்றையும் அட்டவணையில் ஒப்பிட்ட பிறகே ஆசனத்தில் அமர்கிறான். இந்தச் சிரத்தை ஒன்றே விமானக் கல்வியின் பாதி என்று சொன்னாலும் மிகையாகாது.

ஆகாயத்தில் அவன் கற்கும் முதற் பேருண்மை, இறக்கையைத் தாங்குவது எஞ்சின் அன்று, காற்று என்பது. மூக்கை அளவு கடந்து உயர்த்தினால் இறக்கையின் மேலாக ஓடும் காற்று ஒட்டாமற் பிரிந்து, தாங்கும் வலிமை சட்டென்று குறைகிறது. எஞ்சின் முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தாலும் விமானம் அமிழ்கிறது. மனிதனுடைய சுபாவம் விழும்போது மேலும் மேலே இழுக்கச் சொல்லும். ஆசிரியரோ மூக்கைத் தாழ்த்தச் சொல்கிறார். அச்சம் சொல்வதை மறுத்து அறிவு சொல்வதைக் கை செய்யும் வரை அந்தப் பாடம் திரும்பத் திரும்ப நடக்கும். பின்பு எழுவதும் இறங்குவதுமாக ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றி வருவது. ஒருநாள் ஆசிரியர் ஓடுபாதை ஓரத்தில் விமானத்தை நிறுத்தச் சொல்லி, தம் பட்டியை அவிழ்த்து, கதவைச் சாத்திவிட்டு இறங்கிப் போகிறார். ஓராளின் பாரம் குறைந்த விமானம் வழக்கத்திலும் விரைவாக மேலே எழுகிறது. வலப்பக்கத்து ஆசனம் வெறுமையாக இருக்கிறது. உலகெங்கும் விமானிகள் தம் ஆயுளில் மறவாத நாள் அந்தத் தனிப்பறப்பு நாளே.

வழியறியும் பாடத்துக்கு வன்னியைப் போல வாய்த்த நிலம் குறைவு. கண்ணால் நிலத்தைப் பார்த்துப் பறப்பவனுக்கு வேண்டியவை, மேலிருந்து தப்பாமல் அடையாளம் காணத்தக்க நீர்நிலைகளும் வீதிகளும் கரைகளும். வவுனியாவிலிருந்து புறப்படுவதாகக் கற்பனை செய்வோம். ஏ-9 வீதியும் வடபுலத்து இருப்புப் பாதையும் இணைந்து வடக்கே செல்கின்றன. கனகராயன் ஆறு ஒரு பச்சை நாடாவாக இரணைமடுக் குளத்தை அடைகிறது. அப்பால் கிளிநொச்சி, பின்பு இரு பக்கமும் நீர் மின்னும் ஆனையிறவு. பலாலியில் இறங்கி, மீண்டும் எழுந்து, கிழக்குக் கரையைப் பற்றித் தெற்கே வந்தால் சுண்டிக்குளம், சாலை, முல்லைத்தீவு, நந்திக்கடல், கொக்கிளாய் என்று கடலும் களப்புமாகச் சென்று திருகோணமலைச் சீனக்குடாவில் இறங்கலாம். அங்கிருந்து மேற்கே திரும்பினால் வவுனியா. இந்த முக்கோணத்தின் மூன்று பக்கங்களும் சேர்ந்து, சட்டம் கேட்கும் 270 கிலோமீற்றரைத் தாராளமாகக் கடக்கும். சிறு விமானத்துக்கு ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரப் பறப்பு. யுத்தம் முடிந்த இடமாகிய நந்திக்கடலை மேலிருந்து காணும் மாணவனுக்கு அது வரைபடத்தில் ஓர் அடையாளம் மாத்திரமாக இராது. தலை தாழ்த்திக் கடந்து செல்வான்.

காற்றைப் பற்றிய பாடமும் அப்படியே. ஓடுபாதையின் நுனியில் எழுதியிருக்கும் இலக்கம் அது நோக்கும் திசையைக் குறிப்பது. பலாலியில் 05 என்றும் 23 என்றும் எழுதப்பட்டிருப்பதன் பொருள், அது வடகிழக்கையும் தென்மேற்கையும் நோக்கிக் கிடக்கிறது என்பது. விமானம் எப்போதும் காற்றுக்கு எதிர்முகமாக எழவும் இறங்கவும் விரும்பும். ஆகவே அந்த இலக்கங்கள் வாடைக்கும் சோளகத்துக்கும் கொடுத்த விடை. முல்லைத்தீவு மீனவர், காற்று எவ்வளவு தள்ளும் என்று கணித்து, கரை சேரவேண்டிய இடத்துக்குக் காற்று வரும் பக்கமாகவே படகின் முனையைப் பிடிக்கிறார். விமான மாணவன் வரைகோலும் கணிப்பானும் கொண்டு செய்வதும் இதுவே. எஞ்சின் நின்றால் இறங்கத்தக்க நிலத்தைத் தெரிவு செய்யும் பயிற்சியில், 3000 அடி உயரத்திலிருந்து சிறு விமானம் ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் மிதந்து செல்லும் என்பதைக் கற்கும் மாணவன், அறுவடை முடிந்த வயலில் வரம்புக்குக் குறுக்கே அன்றி வரம்போடு ஒட்டி இறங்கவேண்டும் என்பதை வன்னி உழவன் மகனாயின் சொல்லாமலே அறிவான்.

இனித் தடைகளை ஆராய்வோம். முதலாவது பணம். விமானமும் உதிரிப்பாகமும் எரிபொருளும் டொலர் விலைக்கு வருபவை. 2022 இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபோது பறக்கும் மணிக்கான கட்டணமும் அதனோடு உயர்ந்தது. நாற்பது மணி நேரத்துக்குப் பல இலட்சம் ரூபாய் வேண்டும். வணிக அநுமதிப்பத்திரம் வரை செல்வதாயின் அது பன்மடங்கு. இரண்டாவது தூரம். இந்நாட்டின் பயிற்சி நிலையங்கள் பெரும்பாலும் இரத்மலானையைச் சார்ந்தவை. கிளிநொச்சியிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். மழையாலோ பழுதாலோ வகுப்பு நின்றால், கொழும்பில் வாழும் மாணவன் வீடு செல்கிறான். வன்னி மாணவன் வாடகை கொடுத்துக் காத்திருக்கிறான். மூன்றாவது ஆங்கிலம். அது இலக்கியப் புலமை அன்று; வரையறுத்த சில நூறு தொடர்களைப் பிழையின்றிக் கேட்டுச் சொல்லும் ஆற்றலும், எதிர்பாராதது நேர்ந்தால் விளக்கும் ஆற்றலுமே. கிராமத்துப் பாடசாலை மாணவரால் ஓராண்டுப் பயிற்சியில் அதனை அடைய முடியும்.

நான்காவது தடை உடலைப் பற்றிய தவறான எண்ணம். கண்ணாடி அணிந்தவர் விமானியாக இயலாது என்று பலர் நம்புகின்றனர். கண்ணாடியால் திருத்தப்பட்ட பார்வையைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. பிறவியிலேயே இரு கைகளும் இல்லாத அமெரிக்கப் பெண் ஜெசிக்கா கொக்ஸ், 2008 இல், கால்களாலேயே சிறு விமானத்தைச் செலுத்தி அந்நாட்டின் இலகுரக விமானச் சான்றிதழைப் பெற்றார். இரு கால்களையும் இழந்த பின்னர் இரண்டாம் உலக யுத்தத்தில் விமானம் ஓட்டியவர் டக்ளஸ் பேடர். யுத்தத்தில் அவயவம் இழந்தோர் வாழும் வன்னியில் இவ்விரு உதாரணங்களும் உரக்கச் சொல்லப்படவேண்டியவை.

ஐந்தாவது தடையே மிகப் பெரியது. அது மனத்தில் இருக்கிறது. விமான ஓசை கேட்டால் இன்றும் நெஞ்சு துணுக்குறும் தாய், தன் பிள்ளை அதனை ஓட்ட ஆசைப்படுவதை எங்ஙனம் பொறுப்பாள்? அத்தோடு, வடக்கில் விமான வித்தையில் நாட்டம் காட்டும் இளைஞன் சந்தேகத்துக்கு உள்ளாவானோ என்ற பயமும் ஒரு காலத்தில் நியாயமானதே. இவ்விரண்டும் வாதத்தால் நீங்குபவை அல்ல. அரசு சந்தேகத்தை விட்டு வாசலைத் திறக்கவேண்டும். அவ்வாசலால் முதலிற் சென்ற பிள்ளைகள் சுகமாகத் திரும்பி வரவேண்டும்.

வயிற்றுப்பாட்டுக்கே அல்லலுறும் மண்ணுக்கு இந்த ஆடம்பரம் எதற்கு என்பது கனமான ஆட்சேபம். அதற்கு விடையாக வன்னி வயல்களில் ஓடும் ஒரு பொறியைக் காட்டலாம். நம் உழவர் ‘லான்ட்மாஸ்டர்’ என்று அழைக்கும் இரு சக்கர உழவு இயந்திரத்தை உருவாக்கிய முன்னோடிகளுள் ஒருவர், இலங்கையரான ரே விஜேவர்தன. அவர் 1924 இல் பிறந்து 2010 இல் மறைந்தவர். பொறியியலாளர், வேளாண் அறிஞர். அவரே விமானியும், தம் கையாற் சிறு விமானங்களை ஆக்கிப் பறந்தவருமாவார். சேற்றில் இறங்கிய கையும் ஆகாயத்தில் எழுந்த கையும் ஒரே மனிதருடையவை. பறக்கும் ஆசை பொறிகளை நேசிக்கக் கற்பிக்கிறது. அந்த நேசத்தின் பயன் வயலுக்கும் வந்து சேர்கிறது. ஆயினும் காணியை விற்றும் தாலிக்கொடியை அடகு வைத்தும் பிள்ளையை விமானப் பயிற்சிக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: தனியார் அநுமதிப்பத்திரம் உத்தியோகம் தராது. வணிக விமானியாகும் நோக்கம் இருந்தால், ஒரு சதமும் கட்டுவதற்கு முன் முதலாம் வகுப்பு வைத்தியப் பரிசோதனையைச் செய்வித்துக்கொள்க. பயிற்சி நிலையம் அதிகாரசபையின் அங்கீகாரம் உடையதா என்று எழுத்தில் விசாரித்து அறிக.

செய்யத்தக்கது யாது? முதலில் ஆகாயம் வேண்டாம், வகுப்பறை போதும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. இலங்கை ஜெர்மன் தொழிற்பயிற்சி நிலையமும் அங்கேயே உண்டு. வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. தனியார் அநுமதிப்பத்திரத்துக்கு வேண்டிய எழுத்துப் பாடங்களையும் றேடியோ ஆங்கிலத்தையும் இவ்விடங்களில் வார இறுதி வகுப்புகளாகத் தமிழ் விளக்கத்தோடு நடத்தலாம். மாணவன் கொழும்பில் தங்கவேண்டிய மாதங்கள் அதனால் குறையும். தகுதி இல்லாதவர் பணத்தை இழக்குமுன் அதனை அறிவர். விமானப் பராமரிப்பு, வான்வழிக் கட்டுப்பாடு, வானிலை ஆகிய துறைகளுக்குச் செல்வோருக்கும் அதே படிப்பு அடிப்படையாகும். இரண்டாவதாக, தேறிய சிலருக்குப் பறக்கும் மணிகளுக்கான உதவித்தொகையைப் புலம்பெயர்ந்த உறவுகள் தரலாம். கோயிற் கோபுரத்துக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் அள்ளிக் கொடுத்த கைகள் அவை. மூன்றாவதாக, வவுனியா, இரணைமடு ஓடுபாதைகளில் ஒன்றையாவது, விமானப்படையின் மேற்பார்வையிலேனும், வாரத்திற் சில காலைகளில் பயிற்சி விமானங்களுக்குத் திறந்துவிடுமாறு வன்னியின் பாராளுமன்றப் பிரதிநிதிகள் கேட்கவேண்டும். வெயில் ஏறினால் காற்று கொதித்துக் குலுங்கும். பயிற்சிக்கு வேண்டியவை விடியற்காலத்து இரண்டு மூன்று மணி நேரமே.

இது பெரிய வேண்டுகோள் அன்று. யுத்தம் முடிந்த 2009 மே மாதத்தில் வன்னியில் பிறந்த பிள்ளைக்கு 2026 மே மாதத்தில் 17 வயது நிறைகிறது. தனியார் விமானி அநுமதிப்பத்திரத்துக்குச் சட்டம் கேட்கும் வயதும் அதுவே.